மார்ச் பதினான்கு கடந்த பிறகு

பலேர்மோ
02.04.2025

அன்புள்ள ஞானம் அக்கா,

உங்கள் முழங்கால் நோ குறைந்திருக்க வேண்டும், குணரத்தினம் அண்ணைக்குச் சீனி ஏறாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். எனக்கு இடுப்புப் பிடிப்பைத் தவிர வேறு குறை இல்லை. அல்பேட் சியாகுல்லித் தோட்டத்தில் கடைசி மண்டரின் ஆய்ந்துகொண்டிருக்கிறார். வீடு முழுக்க அந்த வாசம்தான்.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். ஏன் அக்கா இந்த வருசம் எழுதவில்லை? மார்ச் பதினான்கு போய்ப் பத்தொன்பது நாளாகிவிட்டது. ஒவ்வொரு வருசமும் ஒரு கிழமை பிந்தியாவது என் பேஸ்புக்கில் உங்கள் ரஷ்யச் சொல் வந்துவிடும். "ஸ் ப்ரஷேட்ஷிம் த்னோம் ரஷ்தேனியா." கடந்துபோன பிறந்த நாளுக்கு வாழ்த்து. நானும் "ஸ்பசீபா" என்று நன்றி போடுவேன். அவ்வளவுதான் எங்கள் கதை. இரண்டாயிரமாம் ஆண்டு நீங்கள் நோர்வேயிலிருந்து அனுப்பிய முதல் தபாலட்டையிலும் இதே சொல்தான் இருந்தது.

லக்ஷனா வருசா வருசம் கேட்பாள்: "மம்மா, உங்கடை அந்த ரஷ்யாக்காரி ஏன் எப்பவும் பிந்தியே வாறா?" "ரஷ்யாவிலை முந்திச் சொன்னால்தான் தோஷம், பிந்திச் சொன்னால் பிழையில்லை" என்று மொஸ்கோவில் வீட்டுக்காரி தமாரா அம்மா எங்களுக்குச் சொல்லித் தந்ததை அப்படியே அவளுக்குச் சொல்லிவிடுவேன். மிச்சத்தைச் சொல்வதில்லை. அது என்னுடைய பிறந்த நாளே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அல்பேட்டுக்குத் தெரியும். அது என் பேப்பரில் இருக்கிற நாள்.

இந்த முறையும் விசேசமாக ஒன்றும் செய்யவில்லை. வேலைக்குப் போனேன், வந்தேன், சமைத்தேன். நீங்கள் எழுதாததுதான் அந்தரமாக இருக்கிறது. குசினியில் நிற்கும்போதும் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோரா பினாவுக்கு எண்பத்தெட்டு வயது, அவவே பார்த்துச் சிரிக்கிறா.

சுகமோ என்று ஒரு வரி போடுங்கோ.

உங்கள்
மலர்


பேர்கன்
20.04.2025

மலருக்கு,

இன்று உங்கள் உயிர்த்த ஞாயிறு. வீட்டில் எல்லோருக்கும் வாழ்த்து. நாங்கள் சுகம். மழை.

விசேசமாக ஒன்றும் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் பார்த்தேன். உன் மகள் பதினான்காம் திகதியே படம் போட்டுவிட்டாள். பங்கு மண்டபம், பொன் நிறப் பலூனில் ஐந்தும் சைபரும், கேக்கில் துசானி என்று இத்தாலிய எழுத்து. நீ மெழுகுதிரி ஊதுகிறாய். நாற்பது பேர் கை தட்டுகிறார்கள்.

என் தங்கச்சிக்கு ஐம்பது வயதாகவில்லை மலர். அவளுக்கு இருபத்து மூன்று. அதற்கு மேல் அவளுக்கு வயது ஏறவில்லை.

நான் ஏன் ஒவ்வொரு வருசமும் பிந்தி வாழ்த்துகிறேன் என்று நினைக்கிறாய்? தமாரா அம்மாவின் தோஷத்துக்காகவா? அந்த நாளில் எனக்குக் கை வராது. நாள் கடந்த பிறகு, தமிழில் சொல்ல வாய் வராமல், ரஷ்யனில் சொல்லிவிட்டுப் போவேன். அது உனக்கும்தான், அவளுக்கும்தான். இந்த முறை யாருக்கென்று எழுத? கேக் வெட்டியவளுக்கா?

கொண்டாடினதைக்கூடப் பொறுப்பேன். ஒன்றும் செய்யவில்லை என்று எழுதினாயே, அதுதான் தாங்கவில்லை.

அல்பேட்டுக்கு என் அன்பைச் சொல்.

ஞானம்பிகை


பலேர்மோ
21.04.2025

அன்புள்ள ஞானம் அக்கா,

உங்கள் கடிதத்தைப் பேருந்தில் வைத்துப் போனிலேயே படித்தேன். இறங்க வேண்டிய தரிப்பை விட்டுவிட்டேன். எங்கள் வீடு இருக்கிற சீசாவுக்குத் திரும்ப நடந்து வந்தேன்.

மன்னித்துக்கொள்ளுங்கோ. நான் பொய்தான் எழுதினேன். நீங்கள் படத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று ஒரு நப்பாசை. அவள் எனக்குத் தெரியாமல் செய்துவிட்டாள். "அற்புதமலர் அன்ரி வீட்டுக் நேர்த்திப் பூசைக்கு மண்டபத்துக்கு வாங்கோ" என்று யாரோ கூப்பிட, நானும் என்னோடு ஒத்த பேர்க்காரி ஒருத்தி இருக்கிறாளாக்கும் என்று போனேன். கதவைத் திறந்தால் பலூன். நான் என்ன செய்ய? "இது என்ரை பிறந்த நாள் இல்லை" என்று நாற்பது பேர் முன்னால் சொல்லவா? பாதர் மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டார். ஊதினேன். ஊதும்போது துசானியின் முகம்தான் வந்தது. சத்தியமாக.

பங்கில் எல்லோருக்கும் நான் மலர். பேப்பரில் இராஜதுரை துசானி. இங்கே பாதிச் சனத்துக்கு இரண்டு பேர் இருக்கிறது, ஆரும் ஆரையும் கேட்பதில்லை. லக்ஷனாவும் அது எங்களை மொஸ்கோ வழியாக ஏற்றின ஏஜென்சிக்காரன் வைத்த பேர் என்றுதான் நினைக்கிறாள். அந்தப் பேரில் ஒரு பிள்ளை இருந்தாள், மொஸ்கோவில் ஒன்பதாம் மாடியில் எங்களோடு ஒரே பாயில் படுத்தாள், தொண்ணூற்றெட்டு மார்கழியில் நிமோனியாவில் போனாள் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. அவளின் பாஸ்போட்டில் என் படத்தை ஒட்டித்தான் நான் இங்கே வந்தேன் என்றும் சொல்லவில்லை. எப்படித் தொடங்குகிறது அக்கா?

கோபம் இருந்தால் ஏசுங்கோ. எழுதாமல் மட்டும் இருக்காதையுங்கோ.

மலர்


பேர்கன்
11.05.2025

மலருக்கு,

உன் இடுப்புக்குச் சுடுதண்ணிப் பை வை. தைலம் பூசி மினக்கெடாதே.

ஏச எனக்கும் நேரமில்லை. வேறு விசயம் வந்திருக்கிறது. ஸ்வேத்தா எழுதியிருக்கிறாள். தாய் தமாரா அம்மா செத்த பிறகு அந்தப் பிள்ளைதானே எங்கள் துசானியின் கல்லறையைப் பார்க்கிறது. அதில் இருந்த தகரப் பலகை கறள் பிடித்து எழுத்தே தெரியவில்லையாம். பேர் தெரியாத குழிகளை ஆளில்லாதவை என்று கணக்கில் எடுத்துவிடுவோம் என்று இடுகாட்டுக் கந்தோரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். வருசக் கடைசி வரைக்கும்தான் தவணை. புதுப் பலகை தானே போடுவதாகச் சொல்கிறாள். என்ன எழுத வேண்டும் என்று கேட்கிறாள்.

பழைய பலகையில் என்ன இருந்தது என்று உனக்கு மறந்திருக்காது. அற்புதமலர், ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்திரண்டு, தொண்ணூற்றெட்டு. மேலே சிலுவை. உன் பாஸ்போட்டைக் கொடுத்துத்தானே அவளை ஆஸ்பத்திரியில் வைத்தோம். சாகும்போதும் அவள் நீயாகத்தான் செத்தாள்.

எனக்கு ஒரு ஆசைதான். இந்த முறை அவளின் பேரைப் போட வேண்டும். ரஷ்ய எழுத்தில், பிறந்த திகதியோடு. கந்தோரில் பேரை மாற்ற ஒரு கடிதம் கொடுக்க வேண்டுமாம், பதிவில் இருக்கிற ஆள் அங்கே இல்லை, கிடக்கிறது இன்னார் என்று. அதில் நீயும் கையெழுத்து வைக்க வேண்டும்.

வைப்பாய்தானே?

ஞானம்பிகை


பலேர்மோ
06.06.2025

அன்புள்ள ஞானம் அக்கா,

பிந்தினதுக்குக் குறை நினைக்காதையுங்கோ. எல்லோரும் சுகம். வெயில் தொடங்கிவிட்டது. சிஞ்ஞோரா பினா குசினியில் விழுந்து கையை உடைத்துக்கொண்டா. ஒரு மாதமாக அவவுக்குத் தலை இழுக்கிறதும் நான்தான், சோறு ஊட்டுறதும் நான்தான். வீட்டு லிப்ட் வேறு பழுது. நாலு மாடி ஏறி இறங்கி என் காலும் உங்கள் காலைப்போல ஆகிவிட்டது.

கபோச் சந்தையில் இப்போது எங்கள் பிலாக்காய் வருகிறது. பெட்டிக்கடை தர்மென் கொண்டுவந்து வைக்கிறான். மொரிசியஸ்காரன், ஆனால் நல்ல பிலாக்காயை மூக்கால் கண்டுபிடிப்பான். ஆக்கினேன். உங்கள் ஞாபகம் வந்தது. மொஸ்கோவில் முட்டைக்கோவாவைப் பிலாக்காய் என்று சொல்லி நீங்கள் எங்களுக்கு ஆக்கித் தந்ததும், துசானி "அக்கா, பிலாக்காய் அழுகுது" என்று சொன்னதும்.

லக்ஷனா ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். இத்தாலியப் பிள்ளை மாதிரித்தான் கதைக்கிறாள், கையையும் ஆட்டுகிறாள்.

ஸ்வேத்தாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கோ. பாவம், நல்ல பிள்ளை.

மலர்


பேர்கன்
09.06.2025

மலர்,

நான் பிலாக்காயைக் கேட்கவில்லை.

ஞானம்பிகை


பலேர்மோ
02.07.2025

அன்புள்ள ஞானம் அக்கா,

மூன்று கிழமையாக எழுதி எழுதி அழித்தேன். இனி மறைத்துப் பலனில்லை, சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இத்தாலிப் பிரசாவுரிமை கிடைத்துவிட்டது. மார்ச் மாதமே கடிதம் வந்தது. லக்ஷனா அந்தப் பார்ட்டி வைத்ததும், கேக்கில் பேப்பர்ப் பேரைப் போட்டதும் அந்தச் சந்தோசத்தில்தான். இனி நகரசபைக்குப் போய் உறுதிமொழி எடுக்க வேண்டும். ஐப்பசியில் ஒரு திகதி கேட்டிருக்கிறோம். அங்கே நான் கை உயர்த்திச் சொல்லப் போகிற பேர் இராஜதுரை துசானி.

இருபத்தைந்து வருசம் அக்கா. ஒவ்வொரு முறையும் வதிவிடப் பெர்மெஸோ புதுக்கப் பொலிஸ் குவெஸ்தூராவுக்கு விடிய ஆறு மணிக்குப் போய் வரிசையில் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் "இராஜதுரை" என்று கூப்பிடும்போதெல்லாம் வேறு ஆரையோ என்று ஒருக்காத் திரும்பிப் பார்ப்பேன். இது முடிந்தால் இனி ஒருநாளும் அந்த வரிசை இல்லை. இந்த நேரத்தில் மொஸ்கோக் கந்தோர் ஒன்றில், துசானி தொண்ணூற்றெட்டில் செத்துப்போனாள் என்று நானே கையெழுத்து வைத்துக் கொடுத்தால், பிறகு நான் ஆர்? பொய்ப் பேரில் வந்தவள். உரிமையையும் பறிப்பார்கள், என்னையும் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள். அல்பேட் சொல்கிறார்: "செத்த பிள்ளைக்குப் பலகை வேணும்தான். ஆனால் இருக்கிற மனுசி எனக்கு வேணும்."

என்னால் கையெழுத்து வைக்க ஏலாது. நீங்கள் என்னைத் திட்டுவீர்கள் என்று தெரியும்.

சாந்தா றொசாலியாவின் திருவிழாவுக்கு நேர்ந்திருக்கிறேன், உங்கள் மனம் இளக வேண்டும் என்று. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மலர்


பேர்கன்
30.07.2025

மலருக்கு,

சுகம் கேட்க இன்று மனமில்லை. சுகமாக இரு.

உன் விண்ணப்பத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று நாலு வருசத்துக்கு முதல் கேட்டாய். என் தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழை யாழ்ப்பாணக் கச்சேரியில் ஆள் விட்டு எடுத்து, நான்தான் உனக்கு அனுப்பினேன். கடித உறையை ஒட்டும்போது இவர் கேட்டார்: "உனக்கு விசரே?" பிழைக்கட்டும், அவளாவது பிழைக்கட்டும் என்று சொன்னேன். பிரசாவுரிமை கிடைத்ததை நாற்பது பேருக்குப் பலூன் கட்டிச் சொன்னாய். எனக்குச் சொல்ல மூன்றரை மாதம் எடுத்திருக்கிறது.

உன் பயம் விளங்காமல் இல்லை. நானும் வரிசையில் நின்றவள்தான். ஆனால் இவ்வளவு காலமும் என்னை நிற்க வைத்தது ஒன்றே ஒன்று. அம்புலன்ஸில் ஒருத்தர்தான் ஏறலாம் என்றார்கள். நான் காய்ச்சலில் எழும்ப ஏலாமல் கிடந்தேன். நீ போனாய். திரும்பி வந்து, "கடைசியாக அக்கா எண்டு கூப்பிட்டவள்" என்று சொன்னாய். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் இங்கே வந்தேன், கலியாணம் கட்டினேன், மீன் வெட்டினேன், பிள்ளை வளர்த்தேன். என்னை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு போனவள் உன்னுடைய பேருக்குக் கீழே கிடக்கிறாள். அவளின் அக்காவுக்கு அவளின் பேரைப் போட உரிமை இல்லையா?

யோசித்துச் சொல். இனி நான் கேட்க மாட்டேன்.

ஞானம்பிகை


பலேர்மோ
14.08.2025

ஞானம் அக்கா,

நாளைக்கு மாதா பரலோகத்துக்கு எழுந்தருளின திருநாள். ஊர் முழுக்கக் கடற்கரையில். அல்பேட்டும் பிள்ளையும் மொந்தெல்லோவுக்குப் போய்விட்டார்கள். நான் தலையிடி என்று நின்றுவிட்டேன். பாவசங்கீர்த்தனம் பாதரிடம் செய்யலாம், ஆனால் நான் பொய் சொன்னது பாதருக்கு இல்லை. உங்களுக்கு.

அவள் அக்கா என்று கூப்பிடவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு நேர்ஸ் கொப்பியோடு வந்து பேர் கேட்டாள். துசானிக்கு நினைவு இருந்தது. தன்ரை பேரைச் சொல்லத் தொடங்கினாள். என் கையில் இருந்தது என் பாஸ்போட். அவளுடையதில் இத்தாலி விசா குத்தியிருந்தபடியால் ஏஜென்சிக்காரன் பூட்டி வைத்திருந்தான் என்பது உங்களுக்குத் தெரியும். பேர் ஒத்து வராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குப் பதறியது. அவளின் கையை இறுக்கிப் பிடித்து, "தங்கச்சி, மலர் எண்டு சொல்லு. இல்லாட்டி உள்ளுக்கு விடமாட்டினம்" என்றேன். என்னை ஒருக்காப் பார்த்தாள். பிறகு "மலர்" என்றாள். நேர்ஸ் எழுதினாள். மூச்சுக்கு மாஸ்க் போட்டார்கள். அதற்குப் பிறகு அவள் கதைக்கவில்லை.

அதுதான் அவள் கடைசியாகச் சொன்ன சொல். என் பேர். நான்தான் சொல்ல வைத்தேன்.

திரும்பி வந்தபோது நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தீர்கள். "என்ன சொன்னவள்?" என்று கேட்டீர்கள். எனக்கு அதைச் சொல்ல வரவில்லை. அக்கா என்று கூப்பிட்டாள் என்றேன். ஒரு ஆறுதலுக்குச் சொன்ன சொல்லில் நீங்கள் ஒரு சீவியத்தையே கட்டிவிட்டீர்கள் என்று எனக்கு இப்போதுதான் தெரியும்.

விசாவுக்காக அப்படிச் செய்தேனா என்று நீங்கள் கேட்டால், இல்லை. அந்த நேரம் அது ஞாபகத்திலேயே இல்லை. ஏஜென்சிக்காரன் மூன்றாம் நாள் வந்து, அவளின் விசாவில் என்னைப் போகச் சொன்ன பிறகுதான் அது என் தலைக்குள் வந்தது. இதை நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

பலகையைப் போடுங்கோ. கடிதத்தை அனுப்புங்கோ, அற்புதமலர் என்று என் சொந்தப் பேரில் கையெழுத்து வைக்கிறேன். வருவது வரட்டும். அல்பேட்டிடம் இன்னும் சொல்லவில்லை.

மலர்


பலேர்மோ
12.09.2025

ஞானம் அக்கா,

சுகம் அறிய ஆவல். ஒரு மாதமாகிவிட்டது. கடிதமும் வரவில்லை, ஏச்சும் வரவில்லை. நீங்கள் ஏசினால்கூட எனக்கு நித்திரை வரும்.

நாலாம் திகதி சாந்தா றொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறினேன். எங்கள் சனம் சைவக்காரர் வேதக்காரர் என்று பார்க்காமல் எல்லோரும் ஏறுவார்கள்தானே. ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் பேரைச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

உறுதிமொழிக்கு ஒக்தோபர் ஒன்பது என்று திகதி தந்திருக்கிறார்கள். அல்பேட்டிடம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் இருட்டின பிறகுதான் தோட்டத்தால் வந்தார். மூன்றாம் நாள் "கையெழுத்தை வடிவா வை" என்று மட்டும் சொன்னார்.

மலர்


பேர்கன்
28.09.2025

மலருக்கு,

நாங்கள் இருக்கிறோம். உன் கால் எப்படி? வெறுங்காலோடு மலை ஏறுகிற வயதா இது?

உன் கடிதத்தைப் படித்த பிறகு பத்து நாள் வீட்டில் உன் பேர் எடுக்க விடவில்லை. இவர் ஒருநாள் "மலர் எழுதினவளோ?" என்று கேட்க, கோப்பையைச் சுவரில் எறிந்தேன். உன்னில் வந்த கோபம் என்று நினைத்தேன். பிறகு பார்த்தால் அந்த நேர்ஸில், அந்தக் காய்ச்சலில், அந்த ஏஜென்சிக்காரனில். அவனுக்கு எறிய ஏலாது, கோப்பைக்குத்தான் விழுந்தது.

அக்கா என்ற அந்தச் சொல்லை நீ திருப்பி எடுத்துக்கொண்டாய். அதற்கு உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் வரவில்லை. பொய் எழுத மாட்டேன். ஆனால் ஒன்றை யோசித்தேன். அவள் நீ சொன்னதைக் கேட்டாள். உள்ளே விட வேண்டும், பிழைக்க வேண்டும் என்று கேட்டாள். என் தங்கச்சி கடைசி வரைக்கும் பிழைக்கத்தான் பார்த்தாள். அது எனக்குத் தெரியாமல் இருந்தது.

இப்போது கேள். கடிதம் கொடுக்கவில்லை, கொடுக்கவும் போவதில்லை. உன்னையும் இழந்துவிட்டுப் பலகையை வைத்து என்ன செய்ய? ஸ்வேத்தா கந்தோரில் கேட்டிருக்கிறாள். பதிவில் எந்தப் பேரும் இருக்கட்டும், குழி இலக்கத்தை ஒரு சின்னத் தகட்டில் கீழே அடித்தால் போதுமாம். மேலே பலகையில் குடும்பம் விரும்பினதை விரும்பின பாசையில் போடலாம். சீனாக்காரர் சீன எழுத்தில் போட்டிருக்கிறார்களாம்.

நாங்கள் தமிழில் போடுவோம். மொஸ்கோக் கந்தோர்க்காரனுக்கும் விளங்காது, உன் குவெஸ்தூராக்காரனுக்கும் விளங்காது. அவளுக்கு விளங்கும்.

பலகைக்காரனுக்குத் தமிழ் தெரியாது, கையால் எழுதின எழுத்தைப் பார்த்து அப்படியே வெட்டுவானாம். அதை நீதான் எழுத வேண்டும். நீ அவளை உன் பேரைச் சொல்ல வைத்தாய். இப்போது நீ அவளின் பேரை எழுது.

ஒன்பதாம் திகதி பயப்படாமல் போ. நல்ல சீலை உடு.

ஞானம்


பலேர்மோ
10.10.2025

அன்புள்ள ஞானம் அக்கா,

முடிந்துவிட்டது. நகரசபையில் பெரிய மேசை, கொடி, தோளில் கொடி நிறப் பட்டி போட்ட ஒரு பெண். நீலச் சீலை உடுத்தேன். அதற்கு முதல் ஒரு கிளார்க் பேப்பரை வைத்துக்கொண்டு பேர் கேட்டாள். "இராஜதுரை துசானி" என்று ஒழுங்காகச் சொன்னேன். பிறந்த திகதி கேட்டாள். என் வாய் "நவம்பர் மூன்று" என்றது.

அக்கா, இருபத்தைந்து வருசத்தில் ஒரு கண்ணாடிக்கு முன்னாலும் எனக்கு அது வரவில்லை. நேற்று வந்தது. கிளார்க் பேனாவை நிறுத்திப் பேப்பரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். லக்ஷனா சிரித்துக்கொண்டு இத்தாலியனில் சொன்னாள், "மம்மாவுக்குப் படபடப்பு, என்னுடைய பேரைக் கேட்டாலும் இப்ப பிழையாத்தான் சொல்லுவா." கிளார்க்கும் சிரித்தாள். நான் மார்ச் பதினான்கு என்று திருத்திச் சொன்னேன். உறுதிமொழியை வாசிக்கும்போது இரண்டு இடத்தில் தடக்கினேன். சந்தோசத்தில் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

வரும் வழியில் பிள்ளை கேட்டாள்: "மம்மா, நவம்பர் மூண்டு எண்டால் என்ன?" ஒன்றுமில்லை என்றேன். அவள் விடுகிற ஆள் இல்லை. நேற்றிலிருந்து என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறாள்.

இதோடு படம் ஒன்று அனுப்புகிறேன். சிஞ்ஞோரா பினாவின் வீட்டு மேசையில் வைத்து, தடித்த கறுப்புப் பேனாவால் எழுதினேன். எழுதத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, இந்தப் பேரை இத்தாலிய எழுத்தில் ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன், தமிழில் ஒரு தடவையும் எழுதவில்லை. மூன்று எழுத்துத்தான். பதினாறு தாள் போனது. "என்ன கீறுறாய்?" என்று சிஞ்ஞோரா கேட்டா. என்ரை சிநேகிதியின்ரை பேர் என்றேன்.

கை நடுங்காமல் வந்த தாள் ஒன்றுமில்லை. நடுங்கினதில் நல்லதை அனுப்பியிருக்கிறேன்.

உங்கள்
மலர்


பேர்கன்
10.11.2025

அன்புள்ள மலர்,

என் முழங்கால் பரவாயில்லை. அண்ணைக்குச் சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது. மழை நின்று இன்று கொஞ்சம் வெளித்திருக்கிறது.

பலகை வைத்தாகிவிட்டது. ஸ்வேத்தா அனுப்பிய படத்தை இதோடு இணைத்திருக்கிறேன். முதல் பனி விழுந்திருக்கிறது, அவள் கையுறையால் தட்டிவிட்டுத்தான் படம் எடுத்திருக்கிறாள். துசானி. அவ்வளவுதான். திகதி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அது உன் பேப்பரில் இருக்கட்டும். சிலுவையை எடுக்கவா என்று கேட்டாள். விடு என்றேன். இவ்வளவு காலம் கூட நின்ற சிலுவை.

"னி"யின் வால் ஒரு இடத்தில் நெளிந்திருக்கிறது. உன் கை நடுங்கின இடம். பலகைக்காரன் அதையும் விடாமல் அப்படியே வெட்டியிருக்கிறான். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குசினிக்குள் போய் அழுதேன். இவர் வந்து பக்கத்தில் நின்றார்.

மார்ச் பதினான்கு இனி எனக்கு. அதை நான் வீட்டில் தனியே பார்த்துக்கொள்கிறேன். உனக்கு அது வேண்டாம்.

மூன்றாம் திகதி போய் ஒரு கிழமையாகிறது. ஒன்பதாம் மாடியில் முட்டைக்கோவாவுக்குள் மெழுகுதிரி குத்தி உனக்கு இருபத்தாறு என்று துசானி கை தட்டினாளே, அதுதான் கடைசி. அதற்குப் பிறகு உன் பிறந்த நாளுக்கு ஒருத்தரும் வாழ்த்துச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. இருபத்தேழு வருச வாழ்த்து பாக்கி. பிந்திச் சொன்னால் பிழையில்லைத்தானே. இப்போதுதான் உன் பேஸ்புக்கில் எல்லோருக்கும் தெரியப் போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். ஸ் ப்ரஷேட்ஷிம் த்னோம் ரஷ்தேனியா, மலர்.

உன் மகள் பார்ப்பாள். உங்கடை ரஷ்யாக்காரி ஏன் நவம்பரில் வந்தவ என்று கேட்பாள். இந்த முறை அவளைப் பக்கத்தில் இருத்திச் சொல்லு. துசானியிலிருந்து தொடங்கு.

உன்
அக்கா